மோர் முட்டியோடு கடற்பாறை பார்க்கப் போனோம்

போன கிழமை உங்களில் ஒருவர், மகள் அனுப்பிய படமொன்றைக் கொண்டுவந்து காட்டினீர்கள். ஏதோ குளிர் தேசம். கடலோரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பாறை, அதன் தலையில் புல், புல்லின்மேல் தொப்பி போட்டுக்கொண்டு உங்கள் மகள். பஸ்ஸில் கூட்டிப்போய், ஒருவர் முன்னால் நின்று விளக்கம் சொல்லிக் காட்டினாராம். "இப்படி ஒன்றை நீர் கண்டிருக்கமாட்டீர்" என்றீர்கள். அன்றைக்கு மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஆறவில்லை.

கண்டிருக்கிறேன். பத்து வயதில், பஸ்ஸில் போய், முன்னால் ஒருவர் நின்று விளக்கம் சொல்லக் கண்டிருக்கிறேன். எங்களுடைய பாறை ஒரு வடலிப் பனை உயரம்கூட வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அதைக் காட்டியவள் என் அக்கா. உங்கள் மகளுக்குக் காட்டியவர் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிற யாரோ ஒருவர். இரண்டும் ஒன்றாகுமா?

இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய காலம். எங்கள் ஊர் அச்சுவேலிக்குக் கிழக்கே, புகையிலையும் மரவள்ளியும் விளைகிற ஊர். அக்காவுக்கு அப்போது இருபது வயது. பயிற்சிக் கலாசாலையில் படித்து முடித்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ரீச்சராக வந்து ஒன்பது மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்குவதும் நிறுத்துவதும் பள்ளிக்கூடத்தை நடத்திய மனேச்சரின் கையில். அவர் பெரிய காணி வளவுக்காரர், பெரிய மீசைக்காரர். அவர் ஒழுங்கையில் நடந்து வந்தால் நாய்கூட வேலிக்குள் போய்விடும்.

அப்புவுக்கு, அதாவது எங்கள் தகப்பனாருக்கு, அக்கா வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. சுன்னாகம் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார், றோட்டாலே நடந்துபோய்ப் படிப்பிக்கிற பெண் வேண்டாம் என்கிறார்கள் என்று அம்மா அடுப்படியில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அப்பு அக்காவிடம் நேரே எதையும் சொல்லமாட்டார். செருமிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா பஸ் கேட்டாள். நாலாம் ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளைக் கீரிமலைக்குக் கூட்டிப்போய், கடலோரக் கற்பாறைகளைக் காட்டவேண்டுமாம்.

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீரிமலை என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன? செத்தவரின் சாம்பலை மண் முட்டியில் கொண்டுபோய்க் கடலில் கரைக்கிற இடம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிற இடம். ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து முழுகப் போகிற இடம். சும்மா கல்லைப் பார்க்கவென்று அங்கே போன மனிதரை எங்கள் ஊர் அதுவரை காணவில்லை.

"கல்லுப் பாக்கவோ? இஞ்சை தோட்டத்துக்குள்ளை இல்லாத கல்லோ?" என்று அப்பு அம்மாவைக் கேட்டார், அக்காவுக்குக் கேட்கத்தக்கதாக.

"தோட்டத்திலை இருக்கிறது மேல் ஓடு அப்பு. அங்கை போனா அடிவரைக்கும் வெட்டிக் காட்டினது மாதிரித் தெரியும்" என்றாள் அக்கா.

மனேச்சர் என்ன நினைத்தாரோ, சரியென்றார். ஆனால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காலை ஏழுக்குப் புறப்பாடு. பின்னேரம் மூன்றுக்குப் பள்ளிக்கூட வாசல். வழியில் பஸ் நிற்கக்கூடாது. வெளியாள் ஒருவரும் ஏறக்கூடாது. பள்ளிக்கூடப் பியோன் கிழவர் காவலுக்குக் கூடப் போகவேண்டும். தாளைக் கொடுத்துவிட்டு, "உதிலை ஒண்டு பிசகினாலும் தையோடை உமக்கு வேலை இல்லை, ரீச்சர்" என்றாராம். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் பயந்ததை நான் கண்டேன். பயந்தும் விடவில்லை.

இரண்டு கிழமையாக மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் என்னை நிறுத்திவைத்துப் பேசிப் பழகினாள். நான்தான் பஸ், நான்தான் இருபத்திரண்டு பிள்ளைகள். "வலப்பக்கம் பாருங்கோ" என்பாள். நான் வலப்பக்கம் பார்ப்பேன். அங்கே சாணம் குவித்த எருக்கும்பி.

இனி, நடந்த பிழையைக் கேளுங்கள். அது மூன்று துண்டாக நடந்தது. முதலாவது துண்டு அக்காவுடையது. பாறை விளிம்பில் பிள்ளைகள் எங்கே நின்றாலும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று, எல்லாரும் வெள்ளை உடுத்து வரவேண்டும் என்றாள். இரண்டாவது அம்மாவுடையது. பிள்ளைகளுக்கு வழியில் குடிக்க மோர் கலக்கிக் கொடுத்தாள். பித்தளைக் குடத்தில் மோர் களிம்பேறிவிடும் என்று புது மண் முட்டியில் ஊற்றினாள். தளும்பாமல் இருக்க முட்டியின் வாயை வெள்ளைச் சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். மூன்றாவது பியோன் கிழவருடையது. மேலுக்குச் சட்டையில்லாமல், நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு, பஸ்ஸின் முன் வாங்கில் இருந்து அந்த முட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மோர் சிந்தினால் ரீச்சரின் தாய் ஏசுவாள் என்ற பயத்தில் முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

இருபத்திரண்டு வெள்ளை உடுப்பு, முன்னால் வெள்ளைத் துணி கட்டிய மண் முட்டி, அதைப் பிடித்தபடி ஒரு கிழவர். பஸ் போகிற திசை கீரிமலை. இதைக் கண்ட யாழ்ப்பாணத்து மனிதர் என்ன நினைப்பார்? ஒருவருக்காவது புறப்படும்போது அது தட்டவேண்டாமா? தட்டவில்லை. பஸ் ஏறுகிற சந்தோசப் புளுகத்தில் இருந்தோம்.

அந்தப் பஸ்ஸின் மணத்தை இப்போதும் என்னால் சொல்லமுடியும். பெற்றோல், சூடான தோல், யாரோ முதல்நாள் கொண்டுபோன வெங்காயம். யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, சுருட்டி விடுகிற கன்வஸ் துணிதான். றைவர் அண்ணை றப்பர்க் குமிழை அமுக்கி ஹோர்ன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் நாங்கள் சேர்ந்து கத்தினோம். அக்கா கூரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். பஸ் குலுங்கக் குலுங்கப் பேசினாள். "இடப்பக்கம் பாருங்கோ. மண் எப்பிடிச் சிவந்து வருகுது பாருங்கோ. இது கல்லு கரைஞ்சு மிஞ்சின மண்" என்றாள். மாட்டுக்கொட்டிலில் தடுக்கிய இடங்கள் ஒன்றிலும் அவள் தடுக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவளிடம் "என்ரை அக்கா" என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சொன்னேன்.

வழியில் ஒரு புதினம் நடந்தது. தெருவில் நின்ற ஆண்கள் எங்களைக் கண்டதும் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். ஒரு கடைக்காரர் எழும்பி நின்றார். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி ஓரமாக நின்று தலையைக் குனிந்தார். எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இவ்வளவு மரியாதையா! எல்லாருக்கும் கையாட்டினோம். சிரித்துச் சிரித்து ஆட்டினோம். அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையின் அர்த்தம் பிறகுதான் விளங்கியது. சாவுக்குப் போகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். அதனால் ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

தெல்லிப்பழைச் சந்தியில் வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே நின்றதால் பஸ் கொஞ்சம் நின்றது. கடகத்தோடு ஒரு பெண் றோட்டோரம் நின்றாள். எங்களைப் பார்த்தாள், பியோன் கிழவரைப் பார்த்தாள், அவர் மடியைப் பார்த்தாள். கடகம் கையிலிருந்து விழுந்து கத்தரிக்காய் உருண்டது. "ஐயோ பாவம்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி விலக, பஸ் எடுத்துவிட்டது.

கீரிமலைக் கேணியைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் நடத்தினாள் அக்கா. தாழம்புதருக்கு அப்பால் நிலம் சடாரென்று முடிந்தது. கீழே கடல். அந்த நீலத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆடி அமாவாசைக்கு வந்தபோதெல்லாம் பெரியவர்களின் முதுகைத்தான் கண்டிருக்கிறேன்.

"ஒருத்தரும் நிண்டுகொண்டு எட்டிப் பாக்கக்கூடாது. படுங்கோ" என்றாள். வெள்ளை உடுப்போடு எல்லாரும் கல்லில் குப்புறப் படுத்தோம். ஒருத்தி எட்டிப் பார்க்கும்போது இன்னொருத்தி அவள் காலைப் பிடிக்கவேண்டும். என் காலைப் பிடித்தவள் கிச்சுக்கிச்சு மூட்டினாள், சனியன். அவளும் இப்போது இல்லை. விளிம்புக்கு வெளியே தலையை நீட்டினேன். கல் வெயிலில் சுட்டது. பாறையின் உடம்பெல்லாம் ஓட்டை. அலை உள்ளே போய், எங்கள் வயிற்றுக்குக் கீழே எங்கேயோ முழங்கி, மூச்சு விடுகிற மாதிரித் திரும்பி வந்தது.

கல்லுக்குள் சிப்பி இருந்தது. சுருள் சுருளாக, கல்லோடு கல்லாக. "ஒரு காலத்திலை இது கடலுக்கு அடி. நாங்கள் படுத்திருக்கிற இடத்திலை மீன் நீந்தினது" என்றாள் அக்கா. ஒருத்தி பயந்து எழும்பிவிட்டாள். பிறகு அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கல்லில் கால் வைத்துக் கீழே இறங்கினாள். பாறையின் அடியில், கடலுக்கு ஒரு முழம் மேலே, ஒரு வெடிப்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. செம்பில் பிடித்துக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு வாய் தந்தாள். உப்பில்லை! கடலுக்கு அருகில், உப்பில்லை!

"உது எங்கடை தண்ணிதான். மாரியிலை எங்கடை ஊரிலை பெய்யிற மழை கல்லுக்குள்ளாலை இறங்கி, நிலத்துக்குக் கீழாலை ஓடி, இப்பிடித்தான் கடலுக்கு வருகுது. எங்கடை கிணறுகள் எல்லாம் ஒண்டுக்கொண்டு சொந்தம்" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ படிப்பித்தார்கள். ஒன்றும் அப்படி உள்ளே இறங்கவில்லை. அன்று ஒரு சிப்பிக் கல்லும் தந்தாள். பிஸ்கற் பேணிக்குள் வைத்திருந்தேன். இடம்பெயர்ந்தபோது பேணியோடு போயிற்று.

மோரைப் பங்கிடப் பியோன் முட்டியைத் தூக்கி வந்த நேரம்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஒற்றை மாட்டு வண்டி ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவள் சந்தியில் கத்தரிக்காயைக் கொட்டிய அதே பெண். தலை அவிழ்ந்து கிடந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ரை அண்ணை! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டியளே! எனக்குப் பயத்தங்காய் புடுங்கித் தந்த கையை எரிச்சுப் போட்டாங்களே! கிணத்துக்குள்ளை விழுந்தவளைத் தூக்கின கையை எரிச்சுப் போட்டாங்களே!"

பியோன் கிழவர் முட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "இது எங்கடை மனேச்சற்றை தங்கச்சியெல்லோ" என்றார்.

விசயம் இதுதான். மனேச்சர் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று தங்கச்சி வேறொருவரைக் கட்டியதிலிருந்து, பதினொரு வருடமாகக் கதை பேச்சு இல்லை. தன் வாசற் படலைக்குள் கால் வைக்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். பியோன் அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தவர், அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். மனேச்சர் காய்ச்சலாய்ப் படுத்தார் என்று போன மாதம் கேள்விப்பட்டிருக்கிறாள். இப்போது பியோன் மடியில் முட்டி. வேறு என்ன நினைப்பாள்?

அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, அவருக்கு ஒண்டுமில்லை. காய்ச்சல் சுகமாயிட்டுது. நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையள், கல்லுப் பாக்க வந்தனாங்கள்."

"கல்லுப் பாக்கவோ? கீரிமலைக்கோ? ஆருக்கடி பிள்ளை கதை விடுறாய்! எனக்குச் சொல்லவேண்டாமெண்டு சொல்லிப்போட்டுச் செத்திருப்பார். அவற்றை ரோசம் எனக்குத் தெரியாதோ!"

அக்கா முட்டியின் துணியை அவிழ்த்தாள். "பாருங்கோ. சாம்பல் இல்லை, மோர்."

அவள் எட்டிப் பார்த்தாள். இஞ்சி மணத்தது, பச்சை மிளகாய் மிதந்தது. "சாம்பலைக் கரைச்சுப்போட்டு மோரை ஊத்தி வைச்சிருக்கிறியள்" என்றாள்.

நாங்கள் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டோம். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

"அவற்றை வீட்டை போய்ப் பாருங்கோவன்" என்றார் றைவர் அண்ணை.

"அந்தப் படலைக்குள்ளை போக எனக்கு உரித்தில்லை. கடல் எல்லாருக்கும் பொது எண்டுதான் இஞ்சை வந்தனான்" என்று சொல்லி அவள் கல்லில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். இந்த முறை சத்தம் இல்லை. அந்த அழுகையைப் பார்த்த பிறகு எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அக்கா முட்டியின் வாயைத் திரும்பத் துணியால் கட்டினாள். பிறகு, "எல்லாரும் பஸ்ஸிலை ஏறுங்கோ. அம்மா, நீங்களும் ஏறுங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள்.

றைவர் அண்ணை கிட்ட வந்தார். "ரீச்சர், வெளியாளை ஏத்தக்கூடாதெண்டு மனேச்சர் சொன்னது ஞாபகம் இருக்கோ? அதுவும் அவற்றை தங்கச்சியை!"

"இருக்குது. எடுங்கோ பஸ்ஸை."

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, வேலை போயிடும்."

"போனாப் போகுது. உயிரோடை இருக்கிற மனிசனுக்கு இந்த மனிசி இண்டைக்கு முழுக்கச் செத்தவீடு கொண்டாடுறதோ?" என்றாள். குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை நினைத்துத்தான் நான் இப்போதும் பெருமைப்படுகிறேன். பயமே இல்லாதவள் செய்திருந்தால் அதில் என்ன இருக்கிறது?

ஊருக்குள் வரும்போது பன்னிரண்டு மணிகூட ஆகவில்லை. மனேச்சர் தன் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பஸ்ஸைக் கண்டதும் பொல்லை ஊன்றிக்கொண்டு படலைக்கு வந்தார். "என்ன ரீச்சர் இது! மூண்டு மணியெண்டெல்லோ எழுதித் தந்தனான்!"

அந்தக் குரல் கேட்டதும் பஸ்ஸுக்குள் அவள் அழுகை நின்றது. மெல்ல இறங்கினாள். அவிழ்ந்த தலை, மண் ஒட்டிய முகம். அண்ணனை அடியிலிருந்து முடிவரை பார்த்தாள்.

"இருக்கிறியளோ?"

மனேச்சர் திகைத்துப் போனார். "இருக்கிறன்."

"மெலிஞ்சு போட்டியள்."

அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பியோன் கிழவரின் மடியில் இருந்த முட்டியைப் பார்த்தார். விளங்கியிருக்கவேண்டும். மீசை துடித்தது. இப்போது ஏசப்போகிறார் என்று நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அவர் படலையை அகலத் திறந்துவிட்டார்.

"வெயிலுக்கை நிக்காதை. உள்ளை வா" என்றார்.

அக்காவோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அக்கா எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், மோரைப் பங்கிட்டுத் தந்து, கண்டதை எழுதச் சொல்லி, தாளில் இருந்தபடி சரியாக மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்பினாள்.

அடுத்த நாள் காலை மனேச்சர் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். அவர் எங்கள் வளவுக்குள் அதற்கு முன் கால் வைத்ததில்லை. அப்பு அரக்கப்பரக்கக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அக்கா கதவடியில் வந்து நின்றாள். நான் அவளுக்குப் பின்னால்.

"நான் தந்த தாளிலை உது இருந்ததோ, ரீச்சர்?"

"இல்லை, ஐயா."

"பின்னை?"

"அழுத மனிசியைக் கல்லிலை விட்டிட்டு வந்தா, அதைப் பாத்த இருபத்திரண்டு பிள்ளையளுக்கு நான் பிறகு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது, ஐயா?"

மனேச்சர் பொல்லின் பிடியைத் தடவினார். "அவள் என்ன சொல்லி அழுதவள்?" என்று கேட்டார்.

அக்கா பயத்தங்காயைச் சொன்னாள். கிணற்றில் விழுந்ததைச் சொன்னாள். அவர் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார். மறுபடி எங்கள் பக்கம் திரும்பியபோது அக்காவைப் பார்க்கவில்லை, அப்புவைத்தான் பார்த்தார்.

"தையோடை உம்மடை மகளை நிப்பாட்டச் சொல்லி என்னட்டை வந்து கேட்டது நீர். அந்தத் தாளும் நீர் கேட்டதாலைதான் எழுதினனான், ஏதாவது பிசகும், சாட்டாய்ப் போகுமெண்டு. இப்ப நான் நிப்பாட்டமாட்டன். நிப்பாட்ட வேணுமெண்டா நீரே, பிள்ளையின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லும்."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்கும் இது தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.  அந்தத் தாளால் தன்னைப் பயமுறுத்தியது மனேச்சர் அல்ல, தன் தகப்பன் என்று அந்த நிமிடத்தில்தான் அக்கா அறிந்தாள். எனக்கு அப்புவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது நினைக்கும்போது, மகளை நல்ல இடத்தில் கொடுக்க வேறு வழி தெரியாத மனிதர் என்று தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

அப்பு செருமினார். தோட்டத்துக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அவள் படிப்பிக்கட்டும்" என்றார், நிலத்தைப் பார்த்து.

"மாப்பிள்ளை வீட்டாருக்கும் உதை நீங்களே போய்ச் சொல்லுங்கோ, அப்பு" என்றாள் அக்கா.

மனேச்சர் இருக்க, அம்மா இருக்க, நான் இருக்க, அப்பு தலையை நிமிர்த்தி அக்காவை நேரே பார்த்தார்.

"ஓம், பிள்ளை" என்றார்.